சேனாப் புழுவுக்குப் பங்கசு: பக்கெட்டை மட்டும் கொடுத்தால் போதாது

அலுவிகாரையிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போனால் நாவுல, தம்புள்ளை. பக்கத்தில் கலேவெல. நம் மாவட்டத்தில் சோளம் செய்பவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

சேனாப் புழு என்று நாம் சொல்லும் படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016இல் ஆபிரிக்காவில் கண்டார்கள். 2018 மே மாதம் கர்நாடகாவில். அந்த ஆண்டு பெரும்போகத்தில் நம் சோளத்திலும் இறங்கிவிட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது.

அன்று முதல் நமக்குத் தெரிந்த பதில் கிருமிநாசினிதான். ஆனால் வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்கிறது. மேலால் அடிக்கும் மருந்து புழுவுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. டாங்கியைச் சுமப்பவரின் மூச்சுக்குள்தான் போகிறது.

பங்கசு என்றால் பாணில் பிடிக்கும் பூஞ்சணம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பூச்சிக்கு நோய் கொடுக்கும் பங்கசும் உண்டு. மெட்டாரைசியம், பியூவேரியா என்பவை அப்படிப்பட்டவை. அவற்றின் வித்தி புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே வளரும். சில நாட்களில் புழு செத்துவிடும். ஈரம் இருந்தால் செத்த புழுவின் மேல் மீண்டும் வித்திகள் உண்டாகி மற்றப் புழுக்களுக்கும் தொற்றும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1879இலேயே ஒடெசாவில் மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி கோதுமை வண்டுக்கு எதிராக மெட்டாரைசியத்தைச் சோதித்தார். இந்தியாவில் படைப்புழுவுக்கு, விதைத்து 15 முதல் 25 நாட்களுக்குள், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் தூள் கலந்து குருத்துக்குள் படும்படி தெளிக்கச் சொல்கிறார்கள்.

பிறகு ஏன் நம் விவசாயி தயங்குகிறார்? 2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்யத் தடை. நவம்பரில் தடை நீக்கம். இடையில் நட்டப்பட்டவர் விவசாயி. அதன் பிறகு "இயற்கை" என்று யார் வந்து சொன்னாலும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதில் நியாயம் இருக்கிறது.

அதனால் பங்கசைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அடித்த அன்றே புழு சாகாது. வெயில் வித்தியைக் கொன்றுவிடும், அதனால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். ஈரப்பதம் வேண்டும். பங்கசு நாசினியோடு கலந்தால் வேலை செய்யாது. சூட்டில் வைத்தால் பழுதாகும். புழு சின்னதாக இருக்கும்போதே தொடங்க வேண்டும், அதற்கு வாரந்தோறும் குருத்தைப் பார்க்க வேண்டும். இவை ஒன்றும் தெரியாதவரின் கையில் கொடுத்தால் முதல் போகத்திலேயே "இது ஏமாற்று" என்று தூக்கி எறிவார். பழி பங்கசின் மேல் விழும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். போகம் தொடங்கும் முன் கமநல சேவை நிலையத்தில் தரம் பார்த்த தூள் கிடைக்கட்டும். விவசாயப் போதனாசிரியர் வயலுக்கே வந்து, ஒரு துண்டில் பங்கசும் பக்கத்துத் துண்டில் வழமையான மருந்தும் அடித்து, செலவையும் விளைச்சலையும் எல்லோர் முன்னிலையிலும் கணக்குப் பார்க்கட்டும். அந்தச் சோதனைத் துண்டில் நட்டம் வந்தால் அதை அரசு ஏற்கட்டும்.

புதிய வழியைச் சோதிக்கும் செலவை மறுபடியும் ஏழை விவசாயியின் தலையில் கட்ட வேண்டாம். அவர் கண்ணால் பார்த்து நம்பினால், தடை எதுவும் தேவையில்லை. விஷப் போத்தலை அவரே கீழே வைத்துவிடுவார்.