அந்தப் பகைக்கு ஒரு பெயர் உண்டு

தமிழ் சீரியல்களில் விஷம் கலந்த பால் உண்டு, திருட்டு நகை உண்டு, கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் செய்யும் சத்தியம் உண்டு, தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை மாறுவதும் உண்டு. சாதி மட்டும் கிடையாது. எந்தத் தெருவில் குடியிருப்பது, யார் கடையில் சாமான் வாங்குவது, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று எல்லாவற்றையும் சாதி தீர்மானிக்கிற சிற்றூர்களில்தான் இந்தக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் மட்டும் சாதி நுழைவதே இல்லையாம்.

விஜய் டிவியில் 2018 முதல் 2023 வரை ஓடிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ குன்றக்குடியில் நடக்கிற கதை. நான்கு அண்ணன் தம்பிகள், ஒரு மளிகைக்கடை, ஒரே கூட்டுக்குடும்பம். தம்பி ஜீவாவுக்கு முல்லையைப் பேசி முடிக்கிறார்கள். அவனுக்கோ மீனாவின் மேல் காதல். கடைசியில் முல்லையின் கழுத்தில் அவன் தம்பி கதிர் தாலி கட்டுகிறான். மாப்பிள்ளை மாறினார், சம்பந்தம் மாறவில்லை. முல்லைக்கு யாரைப் பிடித்திருந்தது என்பதைவிட, இரண்டு குடும்பங்களின் வாக்கு காப்பாற்றப்பட்டதே அங்கே பெரிய விஷயம்.

2023 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் பாகம் இன்னும் நேரடியானது. கோமதி வீட்டை எதிர்த்துப் பாண்டியனைக் கல்யாணம் செய்துகொண்டவள். முப்பது ஆண்டுகள் போன பிறகும் அவளுடைய அண்ணன்மார் முத்துவேலும் சக்திவேலும் பகையைக் கைவிடவில்லை. முத்துவேலின் மகள் ராஜி ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போகிறாள். அவன் நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். நடுத்தெருவில் நின்ற பெண்ணைக் கோமதி தன் மகன் கதிருக்கே கட்டிவைக்கிறாள். கதிர் யார்? ராஜிக்கு அத்தை மகன், முறைமாப்பிள்ளை.

இந்தக் கதைத்திட்டத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த காதலன் திருடன், காப்பாற்றுகிறவன் முறைப்பையன். தப்பி ஓடிய பெண் திரும்ப வந்து சேருமிடம் சொந்த வளையம். இதைச் சொல்ல சீரியல் ஒரு இடத்திலும் சாதியின் பெயரை உச்சரிக்கத் தேவையில்லை. 1916ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் மையமே இதுதான்: அகமணம்தான் சாதியின் சாரம். பெண் யாரை மணக்கலாம் என்பதற்குக் காவல் போடாமல் சாதி நிலைக்காது. அந்தக் காவலுக்குச் சீரியல் வைத்திருக்கும் பெயர் பாசம்.

பெயர் சொல்லாவிட்டாலும் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் சீரியல் பார்க்கும் அம்மாக்களும் அத்தைகளும் விளம்பர இடைவேளையில் பேசிக்கொள்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். “இவுங்க எந்த ஆளுகளா இருக்கும்?” என்று யாராவது ஒருவர் கேட்பார். மீசை, வீட்டின் அகலம், குலதெய்வம், சீர்வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து விடை வந்துவிடும். ஒரு தடவைகூட அந்த விடை எங்கள் தெரு ஆளாக இருந்ததில்லை.

சீரியலில் பகை என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். ஒரு வளைகாப்பிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ ஒரு நாள் அண்ணன் கண் கலங்குவார், தங்கை காலில் விழுவாள். ஏனென்றால் அது வெறும் குடும்பப் பகை, கண்ணீரில் கரையக்கூடியது.

வெளியே நடப்பது வேறு. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், ரகசியமாகத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியையும் முருகேசனையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கண்ணகி வன்னியர், முருகேசன் தலித். உள்ளூர் போலீஸ் என்ன செய்தது? முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கை ஜோடித்தது. சாதிக் கொலையை இரண்டு குடும்பங்களின் விவகாரமாக மாற்றுகிற திரைக்கதை அது. அதை உடைக்க சிபிஐ விசாரணை தேவைப்பட்டது. 2021இல்தான் தண்டனை கிடைத்தது; 2025இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்கள் இருவரும் உண்டு.

‘குடும்பத் தகராறு’, ‘காதல் விவகாரம்’ என்ற சொற்கள் அப்பாவித்தனமானவை அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். சீரியல் நமக்கு ஒவ்வொரு நாள் மாலையும் பழக்கப்படுத்துகிற அதே சொற்களைத்தான் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தரும் எழுதுகிறார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டார். கைதானவர் அவர் காதலித்த பெண்ணின் தம்பி. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகின்றன. பெயர் சொல்ல மறுக்கிற குற்றத்துக்கு எப்படிச் சட்டம் எழுதுவது?

குடும்ப விசுவாசத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டப்பட்டார். பிறகு அவர் நீதிமன்றத்தில் தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017இல் மரண தண்டனை பெற்ற அவரது தந்தையை 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கௌசல்யா தன் சாட்சியத்திலிருந்து பின்வாங்கவில்லை. பெற்றவர்களை எதிர்த்து நிற்கும் மகளைத் திருத்தி வீட்டுக்கு அழைத்து வரவே தெரிந்த சீரியலுக்கு, கௌசல்யாவை எழுதத் தெரியாது.

“சீரியல்தானே தோழர், இதையெல்லாமா விமர்சிப்பது?” என்று கேட்பவர்கள் உண்டு. நாம் உலக சினிமாவை அலசுகிற நேரத்தில், நம் அம்மாக்கள் மூன்று மணி நேரம் கோமதியோடு அழுகிறார்கள். அந்த அழுகையை நான் கேலி செய்ய மாட்டேன். வீட்டை மீறிக் கல்யாணம் செய்த ஒருத்தியின் பக்கம் அவர்கள் நிற்கிறார்கள். அது சின்ன விஷயமல்ல. ஆனால் கோமதிக்காகக் கலங்கும் அதே கண்கள், சொந்த மகள் ஒரு பெயரைச் சொன்னதும் சிவக்கின்றன. இந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. அதைக் கருத்தரங்கில் செய்ய முடியாது. டிவிக்கு முன்னால், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.

விளம்பர இடைவேளையில் கேட்க ஒரு கேள்வி போதும்: “ஏம்மா, அந்த அண்ணன்களுக்கு இவ்வளவு கோவம் எதுக்கு? காதலிச்சதுக்கா, இல்ல, யாரைக் காதலிச்சான்னா?” முதல் நாள் “சும்மா பாருடா” என்பார்கள். கேட்டுக்கொண்டே இருப்போம். பதில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வைப்பதுதான் மிச்சம்.