சாதிக்கொரு கொட்டடியா?

சிறைக்குள் வருவோனை எங்கே அடைப்பது? ஆணா பெண்ணா, சிறுவனா முதிர்ந்தவனா, வழக்கு முடியாதவனா ஒறுக்கப்பட்டவனா, அவனால் பிறர்க்கோ பிறரால் அவனுக்கோ ஊறு நேருமா என ஆராய்ந்தே இடம் ஒதுக்குதல் வேண்டும். வெள்ளையன் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பால், அகவை, வழக்குநிலை ஆகியவற்றையே பிரித்தற்குரிய அளவாக வைத்தது. 2015இல் உலக நாடுகள் ஏற்ற மண்டேலா நெறிகளும் முன்னைக் குற்றங்களை எண்ணச் சொன்னவேயன்றிச் சாதியை எண்ணச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டை நடுவண் சிறையிலோ சாதிக்கொரு பகுதி! நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதிக் கலகங்கள் மிகுதி. அவற்றைத் தடுக்கவே பிரித்தடைத்தோம் என்றது தமிழ்நாட்டரசு. 2014இல் உயர் முறைமன்றமும் அதனை ஏற்றது. அரசே வேலி கட்டிச் சாதியைக் காத்தது. அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயரும் இட்டது!

அவ்வேலி எவரைக் காத்தது? 2021 ஏப்பிரலில் அச்சிறைக்குள்ளேயே, வழக்கு முடியாத சிறையாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். திருடி வந்தவனும் குடித்துப் பூசலிட்டு வந்தவனும் சாதிக் கொட்டடிக்குள் அடைபட்டால், அச்சாதியின் படைஞனாகவே வெளியேறுவான். பகையைத் தணிக்க வேண்டிய இடம் பகைக்குப் பாசறையாகும்.

2024 அக்தோபர் 3ஆம் நாள் உச்ச முறைமன்றம் இவ்வழக்கத்தின் தலையில் குட்டியது. சாதிவழிப் பிரித்தல் ஒழுங்கு காக்கும் வழியன்று. சாதியால் வேலை பகுத்தலும் கூடாது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டமே இருத்தலாகாது. மூன்று திங்களுக்குள் சிறை விதிகளைத் திருத்துக என்றது.

உண்மையாகவே உயிர்க்கு இடர் உள்ளவனைத் தனியே காத்தல் கடமை. ஆனால் அது அவனவன் வழக்கையும் நடத்தையையும் நோக்கி, கரணியத்தை எழுதிவைத்து, இடர் நீங்கியதும் நீக்கப்படுவதாதல் வேண்டும். தாக்குவோனை அவன் செயலுக்காகப் பிரிக்கட்டும். எவனையும் அவன் பிறப்புக்காகப் பிரித்தலாகாது.

செக்கிழுத்த சிதம்பரனார் பிறந்த மண் அது. தமிழரைத் தமிழரிடமிருந்து பிரிக்க ஆரியம் விதைத்த நஞ்சைத் தமிழரின் அரசே சிறைக்குள் நீரூற்றி வளர்த்தது நாணத்தக்கது. மொழியில் கலந்த களையைப் பறிப்போர் வாழ்வில் கலந்த களையை விட்டுவைத்தல் தகுமோ? தீர்ப்பு ஏட்டளவில் நில்லாது, ஒவ்வொரு கொட்டடியின் கதவு வரை சென்று சேரல் வேண்டும். அதுவரை தமிழர் வாளாவிருத்தல் ஆகாது!