எரிந்த வாகனத்தின் பெயரைக் கேட்கிறோம், காரணத்தைக் கேட்பதில்லை

அண்மையில் எமது ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு காணொளி வந்தது. நடுவீதியில் ஒரு கார் பற்றி எரிகிறது. எங்கே, எப்போது என்ற விபரம் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "சைனா சாமான் என்றால் இப்படித்தான்" என்றார் ஒருவர். "இந்தியன் வண்டியும் அப்படித்தான், ஜப்பானை அடிக்க ஆளில்லை" என்றார் இன்னொருவர். "ஹைபிரிட் எடுக்காதீங்க என்று அப்பவே சொன்னேனே" என்றார் மூன்றாமவர். இரவு பதினொரு மணி வரை விவாதம் ஓடியது. அந்தக் கார் எதனால் எரிந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப்பட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்னர் மாங்குளம் வீதியில் வந்துகொண்டிருந்தபோது எனது காரின் பொனட்டுக்குள்ளிருந்து புகை எழும்பியது. உள்ளே மனைவியும் இரண்டு பிள்ளைகளும். எஞ்சினை நிறுத்தி எல்லோரையும் இறக்கித் தூரத்தில் நிறுத்தினேன். பின்னால் வந்த லொறிச் சாரதி ஓடிவந்து பற்றரி வயரைக் கழற்ற, புகை நின்றது. அல்ஹம்துலில்லாஹ், அத்தோடு முடிந்தது. அது ஜப்பானியக் கார்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரே சான்றிதழ் கொடுத்த கார்.

கராஜில் திறந்து பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. எனக்கு முன்னர் அதை வைத்திருந்தவர் மேலதிக ஹோர்னும் லைட்டும் பூட்டுவதற்காக பியூஸ் இல்லாமல் பற்றரியிலிருந்து நேராக வயர் இழுத்திருக்கிறார். அந்த வயரின் உறையை எலி கடித்திருக்கிறது. "சேர், இதில கம்பனிக்கு என்ன குற்றம்? வயர் இழுத்தவருக்கும் எலிக்கும்தான் குற்றம்" என்று சிரித்தார் பாஸ்.

வகுப்பில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தீ உண்டாக எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பது பிள்ளைகள் மனனம் செய்த பாடம். ஒரு வாகனத்தின் பொனட்டுக்குள் இந்த மூன்றும் எப்போதும் அருகருகே இருக்கின்றன. பெற்றோல் குழாயில் ஒரு வெடிப்பு, சூடான புகைக்குழாயில் சொட்டும் எண்ணெய், உறை தேய்ந்த வயர் என ஏதாவதொரு சிறு குறை போதும். அந்தக் குறை தொழிற்சாலையிலும் பிறக்கலாம், கராஜிலும் பிறக்கலாம், எமது வீட்டு முற்றத்திலும் பிறக்கலாம். எது என்று ஆராய்ந்தால்தான் தெரியும்.

தொழிற்சாலையில் பிறக்கும் குறைக்கு எந்தப் பெயரும் விதிவிலக்கல்ல. எமது நாட்டில் தங்கத்துக்கு நிகராக மதிக்கப்படும் டொயோட்டா நிறுவனமே 2018 செப்டெம்பரில் பிரியஸ், சி-எச்ஆர் உள்ளிட்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருத்தத்துக்காக மீள அழைத்தது. எஞ்சின் பகுதியிலுள்ள வயர்த் தொகுதி உராய்ந்து தேய்ந்து, குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். இதை வைத்து டொயோட்டா கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குறையைக் கண்டதும் ஊரறியச் சொல்லி, செலவை ஏற்றுத் திருத்திக் கொடுப்பதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதி என்கிறேன்.

சொல்லாமல் மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே 2018ஆம் ஆண்டில் உதாரணம் இருக்கிறது. தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. உலகின் விலையுயர்ந்த பெயர்களில் ஒன்று அது. அந்த நாட்டு அரசாங்கம் பெயரைப் பார்த்துத் தயங்கவில்லை. பரிசோதனை முடிக்காத கார்கள் வீதியில் ஓடக்கூடாது என்று உத்தரவிட்டது. புகையை மீளச் சுழற்றும் பகுதியிலுள்ள குளிராக்கியில் ஏற்பட்ட கசிவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. நிறுவனம் அதை முன்னரே அறிந்திருந்தும் மறைத்தது என்று விசாரணைக் குழு அவ்வருட இறுதியில் அறிவித்தது. பெரும் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது.

எமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் வேலூரில், வீட்டில் மின்னேற்றுவதற்காக விடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த நாட்களில் இந்தியாவின் வேறு இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர்களைக் கொண்டு விசாரித்தது. அடுத்த மாதமே ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் மீள அழைத்தன. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து பற்றரிப் பாதுகாப்பு விதிகள் படிப்படியாக இறுக்கப்பட்டன. இறந்த உயிர்கள் திரும்பவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்கு ஒரு பாதுகாப்பாவது கிடைத்தது.

காரணம் தெரியுமுன் பேசினால் எப்படித் தவறும் என்பதற்கு இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையம் பாடம். 2023 ஒக்டோபரில் அங்கு வாகனத் தரிப்பிடம் ஒன்று எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சாம்பலாகின. மின்சாரக் கார்தான் காரணம் என்று சமூக ஊடகங்கள் முடிவே கட்டிவிட்டன. தீயணைப்புச் சேவையோ, டீசல் கார் ஒன்றிலிருந்தே தீ ஆரம்பித்ததாகச் சொன்னது.

இனி எமது நிலைமைக்கு வருவோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. உதிரிப்பாகம் கிடைக்காதபோதும் விலை எட்டாதபோதும் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டோம். யுத்த காலத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது வன்னியில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதைகளை முள்ளியவளை நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது நாங்கள் புத்தளத்தில் அகதிகளாக இருந்தோம். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது அந்தக் கதைகள் எமக்கும் விளங்கின. சமாளிப்பது எமது மக்களின் திறமை. ஆனால் சமாளிப்பாகப் போட்ட வயர் அப்படியே நிரந்தரமாகிவிடுவதுதான் ஆபத்து.

இதைப் பிடிக்க வேண்டிய பரிசோதனை எங்கே? வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஒவ்வொரு வருடமும் கார்களுக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அது வெளியே வரும் புகையை அளக்கிறது. உள்ளேயிருக்கும் எரிபொருள் குழாயையும் வயரையும் அது பார்ப்பதில்லை. எனது கார் அந்தச் சான்றிதழோடுதான் மாங்குளம் வீதியில் புகைந்தது.

அடுத்தது, மீள அழைக்கும் அறிவித்தல். ஜப்பானில் ஒரு வாகனம் மீள அழைக்கப்பட்டால் கடிதம் அங்கு பதிவிலுள்ள உரிமையாளருக்குப் போகும். இலங்கையில் மூன்றாம் கையாக வாங்கிய தண்ணீரூற்று ஆசிரியருக்கு யார் கடிதம் போடுவது? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒவ்வொரு வாகனத்தின் செசி இலக்கமும் இருக்கிறது. மீள அழைக்கப்பட்ட இலக்கங்களோடு அதை ஒப்பிட்டு உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது இந்தக் காலத்தில் பெரிய காரியமல்ல. எரிந்த வாகனங்கள் பற்றிய விசாரணை முடிவுகளையும் வகை, வருடம், காரணம் என்று பகிரங்கப்படுத்த வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் இதில் தலையிட வேண்டும். புதிய மின்சார வாகனங்கள் பல பெயர்களில் வந்து இறங்கும் இந்த நேரத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது.

அரசாங்கம் செய்யும்வரை நாம் சும்மா இருக்கவும் முடியாது. 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்ததை வன்னி மக்கள் மறக்கவில்லை. எமது வீதிகளில் ஒரு கார் தீப்பிடித்தால் முதல் சில நிமிடங்கள் எமது கையில்தான். ஆகவே உலர் தூள் தீயணைப்புக் கருவி ஒன்று சாரதிக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். புகை தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி முதலில் ஆட்களை இறக்குங்கள். பொனட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ மூளும். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பியூஸ் இல்லாத வயர் எதையும் வாகனத்தில் விடாதீர்கள். மின்சார ஸ்கூட்டரைப் படுக்கையறையிலோ வெளியேறும் வாசலிலோ வைத்து இரவில் மின்னேற்றாதீர்கள்.

வாகனம் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்ற வியாபாரியை நபிகளார் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பொனட்டுக்குள் ஒட்டுப்போட்ட வயரும் அந்த ஈரம் போன்றதே. எனக்குக் கார் விற்றவர் கெட்டவரல்ல. அந்த வயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்நூறு ரூபாய் பியூஸோடு விடயம் முடிந்திருக்கும்.

அடுத்த முறை குழுமத்தில் எரியும் காரின் காணொளி வந்தால் "எந்தக் கம்பனி?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன காரணம்? யார் பரிசோதித்தார்கள்? முடிவு எங்கே?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டால் ஒருநாள் பதில் சொல்லவேண்டியவர்கள் பதில் சொல்வார்கள்.