பல்லைக் கடித்தது போதும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமா போகும்? சோறும் போகும், பொய்ப்பல் கட்டக் கைப்பணமும் போகும். ஆயினும் நம் தோட்டங்களில் பல் என்றால் சொத்தைப் பல்லைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். உறக்கத்தில் தம்மையறியாமல் பல்லை நறநறவெனக் கடிக்கும் வழக்கத்தை "வயிற்றில் பூச்சி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இதில் தொழிலாளத் தோழர்கள் கவனம் செலுத்த வேண்டுமென விரும்புகிறோம்.

பல்லைக் கடிப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் ஓசை கேட்கும். காலையில் தாடை கனத்தல், நெற்றிப்பொட்டில் வலி, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுதல், பல்லின் நுனி தட்டையாகத் தேய்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பக்குவமாக வெட்டிய ரப்பர் மரத்தின் பட்டை மீண்டும் வளரும். பல்லின் எனாமலுக்கு அந்த வரம் இல்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

மனக்கவலை, தூக்கக் குறைவு, மது, புகை, மிகுதியான கோப்பி ஆகியவற்றுக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்புண்டு என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். நம் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பால் நன்றாக ஓடுவது விடியற்காலைக் குளிர்ச்சியில். ஆகவே இருட்டோடு எழுகிறோம். மரம் நனைந்தால் வெட்டில்லை. மாதக் கடைசியில் கடைக்கடன் காத்திருக்கிறது. கிராணிமாரோ செக்ரோல் கணக்கு ஒத்துவராதபோது பகலிலேயே தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் கையில் உள்ளவற்றை முதலில் செய்வோம்.

ஒன்று: குடித்த கோப்பியின் வேகம் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். இரவு 9 மணிக்குப் படுக்க வேண்டியவர்கள் நண்பகலுக்குப் பின் கோப்பியைத் தவிர்ப்பது நலம்.

இரண்டு: கள்ளும் பீரும் தூக்கம் தரும் என்று எண்ணுவது தவறு. கண்ணை மூட வைக்கும். நடு இரவில் உறக்கத்தைக் கலைக்கும். படுக்குமுன் சிகரெட்டும் அப்படியே.

மூன்று: 7 மணி நேரமாவது உறங்க வேண்டும். கைத்தொலைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நான்கு: பகலில், உண்ணாத வேளையில், உதடுகள் சேர்ந்திருக்கட்டும்; பற்கள் சேர வேண்டாம். ஒரு மரத்தை விட்டு அடுத்த மரத்துக்கு நடக்கும்போது தாடையைத் தளர்த்துங்கள். கிராணிமார் ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் அவ்வாறே செய்யலாம். பென்சிலைக் கடிப்பதையும் கொட்டைப்பாக்கைப் பல்லால் உடைப்பதையும் விடுங்கள்.

ஐந்து: தாடை வலித்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுங்கள்.

இவற்றால் ஒரே இரவில் எல்லாம் நின்றுவிடும் என்று நாம் கூறவில்லை. வலி நீடித்தால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். இரவில் மாட்டிக்கொள்ளும் பல்லுறை, பழக்கத்தை நிறுத்தாவிட்டாலும் பல்லைத் தேயாமல் காக்கும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளிடம் இவ்வழக்கம் மிகுதி; பெரும்பாலும் வளர வளர மறையும். அவர்களைத் திட்ட வேண்டாம்.

ஆனால் நாளைய உலைக்கு அரிசி உண்டா என்ற கவலையோடு படுப்பவரிடம் "நிம்மதியாகத் தூங்கு" என்று உபதேசம் செய்தால் மட்டும் போதாது. அந்தக் கவலையைக் குறைப்பதும் பல்லுக்கு மருந்துதான். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013ல் 900 வெள்ளியாக நடப்புக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வார வேலை நேரம் 2023 ஜனவரியில் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தொழிற்சங்கங்கள் வாய் திறந்து கேட்காமல் இவை நம் பக்கம் வந்திருக்குமா?

"பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்" என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் புரியவில்லையா? வீட்டுக் கூரை ஒழுகுகிறதா? மழை நாள் சம்பளத்தில் வழக்கா? அதைத் தலையணைக்குக் கொண்டுபோகாமல் தோட்டக் கமிட்டிக்குக் கொண்டுவாருங்கள். குறையைச் சொல்லத்தான் வாய்; கடித்து அடக்க அல்ல.