எவருடைய திருவுளம்?

குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று, "ஆண்டவருடைய சித்தம், ஏற்றுக்கொள்" என்று கூறுவோர் இல்லாத கிறிஸ்தவ ஊர் இல்லை. கூறுபவர் பெரும்பாலும் நல்லவர். ஆறுதல் சொல்லும் எண்ணத்துடனேயே கூறுகின்றார். ஆயினும் அக்குழந்தை மருந்தின்மையால் இறந்ததா, நல்ல குடிநீரின்மையால் இறந்ததா என்ற கேள்வி அந்த ஒரு வாக்கியத்துடன் அடங்கிப் போகின்றது. மருந்து வராமைக்குக் காரணமானவர்கள் அன்றிரவும் நிம்மதியாக உறங்குகின்றனர். சொந்த விருப்பைத் துறந்து இறைவனின் விருப்பை ஏற்றல் என்னும் வேண்டுதலின் பெயரால் நடைபெறும் இப்புரட்டை, அவ்வேண்டுதலைக் கொண்டே மறுக்கலாம் என்பது எமது வாதம்.

கெத்செமனித் தோட்டத்தில், தாம் கைதான இரவில், இயேசு கேட்டது என்ன? துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்றே முதலிற் கேட்டார். தம் விருப்பன்று, தந்தையின் விருப்பே நிறைவேறட்டும் என்றது அதன் பின்னரே. ஒரு முறையன்று, மும்முறை வேண்டினார் என்கிறார் மத்தேயு. வாழ விரும்புவது பாவமென்று அத்தோட்டத்தில் எவரும் போதிக்கவில்லை. அன்றியும், அக்கிண்ணம் அவருடையது. உறங்கிக் கிடந்த சீடரை எழுப்பி, நீங்கள் சாவதே தந்தையின் விருப்பம் என்று அவர் சொல்லவில்லை. தம்மைப் பிடிக்க வந்தோரிடம், இவர்களைப் போகவிடுங்கள் என்று கேட்டதாகவே யோவான் எழுதுகின்றார். தம்மை நாடி வந்த நோயாளி ஒருவரிடம், உன் நோய் இறைவிருப்பம் எனக் கூறிக் குணமாக்காது திருப்பியனுப்பிய நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளில் ஒன்றிலேனும் உண்டா?

சீடர்களுக்குக் கற்பித்த செபத்தையும் சற்றே நோக்குங்கள். விண்ணில் நடைபெறும் இறைவிருப்பம் மண்ணிலும் நடைபெற வேண்டும் என்று அது கேட்கின்றது. மண்ணில் அது இன்னும் நடைபெறவில்லை என்பதுதானே இதன் பொருள்? நடப்பதெல்லாம் அவன் விருப்பமே என்றால் இவ்விண்ணப்பத்துக்கு இடமேது? இதற்கு அடுத்த விண்ணப்பம் அன்றாட உணவைப் பற்றியது என்பதையும் மறத்தலாகாது.

தமிழிலே இவ்விருப்பத்துக்குத் திருவுளம் என்றொரு சொல்லும் வழங்குகின்றது. அழகிய சொல்லே, ஆனால் அரண்மனைகளிலும் மடங்களிலும் புழங்கிய சொல். மேலிருப்பவர் எதை நினைத்தாலும் கீழிருப்பவர் தலைவணங்குதல் என்னும் பழைய வாடை அதனுடன் ஒட்டியே வருகின்றது. ஊழ், தலைவிதி என்ற எண்ணங்களும் உடன்சேர, செபம் சரணாகதியாகி விடுகின்றது.

இதனால் இலாபமடைந்தவர்கள் யார் என்பதற்கு வரலாறு பதில் சொல்லும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. தொடர்ந்த பஞ்ச ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர்; அதனினும் மிகுதியானோர் நாட்டைவிட்டு ஓடினர். அதே காலத்தில் தானியமும் கால்நடைகளும் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறின. நிவாரணத்தின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தவர் பிரித்தானியத் திறைசேரியின் துணைச் செயலாளர் சார்ள்ஸ் ட்ரெவெலியன். 1848இல் அவர் வெளியிட்ட நூலில் அப்பஞ்சம் இறைவனின் ஞானமும் இரக்கமும் மிக்க செயலாகக் காட்டப்பட்டது! அதே ஆண்டில் அவருக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது. (1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவரும் இவரே.) பட்டினி கிடந்தவன் சொல்ல வேண்டிய செபத்தைப் பண்டகசாலையின் திறவுகோலை வைத்திருந்தவன் சொன்னான்.

நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் மகிழ்ச்சியடைவர். அபின் என்ற ஒரு சொல்லை மனனஞ்செய்து வைத்திருக்கும் இவர்கள், அதே பந்தியில் மார்க்ஸ் மதத்தை ஒடுக்கப்பட்டோரின் ஏக்கமாகவும் கண்டதை வாசிக்க மறந்தவர்கள். செபமாலையைக் கையிலேந்திய தொழிலாளியைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்கிவிட்டு எவரைத் திரட்டப் போகின்றனர்? இவர்கள் எல் சல்வதோரின் கதையை ஆறுதலாகப் படித்தல் நன்று.

1977 பெப்ரவரியில் ஒஸ்கார் ரொமேரோ சான் சல்வதோரின் பேராயரானபோது கோப்பித் தோட்ட முதலாளிகள் மகிழ்ந்தனர். அவர் பழைமை விரும்பி, சாது என்பது அவர்களது கணிப்பு. மார்ச் 12ஆம் திகதி, விவசாயிகளிடையே பணிபுரிந்த அவரது நண்பர் யேசுசபைக் குரு ருத்திலியோ கிராண்டே, ஒரு முதியவருடனும் ஒரு சிறுவனுடனும் சுட்டுக் கொல்லப்பட்டார். ரொமேரோ அதனை இறைவிருப்பம் என்று கூறி அடக்கஞ்செய்து முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறன்று மறைமாவட்டம் முழுவதற்கும் பேராலயத்தில் ஒரே பூசை என்று அறிவித்து மக்களை அங்கு கூட்டினார். பின்னர் ஞாயிறுதோறும், கொல்லப்பட்டோர், காணாமற் போனோர் பெயர்களை வானொலி கேட்கப் பிரசங்கத்தில் வாசித்தார்.

1980 பெப்ரவரியில், தமது இறுதித் தியானக் குறிப்புகளில், தமக்கு நேரக்கூடிய கொடிய மரணத்தை எண்ணி அஞ்சுவதாகவும் அதனை ஏற்பது கடினம் என்றும் அவர் எழுதினார். பின் உயிரை இறைவன் கையில் ஒப்படைத்தார். தம் கிண்ணத்தை அவர் ஏற்றது இவ்வாறு. ஏழைகளின் கிண்ணத்தைப் பற்றி அவர் சொன்னது வேறு. மார்ச் 23இல் படைவீரரை நோக்கி, கடவுளின் கட்டளைக்கு மாறான உத்தரவுக்கு எவரும் கீழ்ப்படிய வேண்டியதில்லை, கொலையை நிறுத்துங்கள் என்றார். மறுநாள் மாலை ஒரு வைத்தியசாலைச் சிற்றாலயத்தில் பூசை செய்துகொண்டிருக்கையில் சுடப்பட்டு இறந்தார்.

உத்தரவிட்டவர் முன்னாள் இராணுவ அதிகாரி ரொபேர்ட்டோ தோபுயிசோன் என்று 1993இல் ஐ.நா. உண்மை ஆணைக்குழு அறிவித்தது. அவரோ அதற்கு முந்திய ஆண்டே, இக்கொலைக்காகத் தண்டிக்கப்படாமலே, நோயினால் இறந்திருந்தார். அறிக்கை வெளியாகி ஐந்து நாட்களில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2017இல் ரொமேரோ கொலைவழக்கு மீளத் திறக்கப்பட்டது. திறக்குமாறு கேட்டு நீதிமன்றம் சென்றவர்களிடையே, அப்பேராயத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் முன்னர் பணிபுரிந்தவர்களும் இருந்தனர்.