விடுமுறை வீடு: பெருக்குவது யார் வேலை?

கோடை வந்தால் மலைக்குப் போகிறோம். உதகை, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என்று புறப்படுகிறோம். முன்பெல்லாம் ஓட்டல் அறையில் தங்குவோம். இப்போது பல குடும்பங்கள் முழு வீட்டையே இரண்டு நாள், மூன்று நாள் வாடகைக்கு எடுக்கின்றன.

அதில் வசதி அதிகம். பாட்டிக்குத் தனி அறை கிடைக்கிறது. குழந்தைகள் ஓடி ஆட இடம் கிடைக்கிறது. சமைத்துச் சாப்பிட அடுப்பும் பாத்திரமும் இருக்கின்றன.

வரும்போது மகிழ்ச்சிதான். காலி செய்யும்போதுதான் தகராறு!

"வாடகை கொடுத்தோம். வீட்டைப் பெருக்கவும் வேண்டுமா?" என்று தங்கியவர் கேட்கிறார்.

"நல்ல வீட்டைக் கொடுத்தோம். இப்படியா போட்டுவிட்டுப் போவது?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே, எது யாருடைய வேலை என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இந்தத் தகராறு நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே நடந்தது.

2007-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் இரண்டு இளைஞர்கள் வாடகை கட்டப் பணம் போதாமல் தவித்தார்கள். தங்கள் வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு, மூன்று பேரைக் கட்டணத்துக்குத் தங்க வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஏர்பிஎன்பி' என்ற நிறுவனம். இன்று உலகம் முழுவதும் அதன் மூலம் வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

அங்கே பல வீட்டுக்காரர்கள், வாடகையோடு துப்புரவுக் கட்டணம் என்று தனியாக வாங்கினார்கள். கட்டணம் வாங்கியதோடு விட்டார்களா? இல்லை. காலி செய்யும்போது செய்ய வேண்டிய வேலைகள் என்று நீண்ட பட்டியலும் கொடுத்தார்கள். படுக்கை விரிப்பை எடு, துணியைத் துவை, தரையைச் சுத்தம் செய் என்றார்கள். "பணமும் நாங்கள் கொடுப்பதா? வேலையும் நாங்கள் செய்வதா?" என்று தங்கியவர்கள் கொதித்தார்கள்.

2022 நவம்பரில் அந்த நிறுவனத்தின் தலைவர் பிரையன் செஸ்கி ஒரு முடிவு சொன்னார். படுக்கை விரிப்பை உருவுவது, துணி துவைப்பது போன்றவற்றைத் தங்கியவரிடம் கேட்பது நியாயம் அல்ல என்றார். விளக்கை அணைப்பது, மிச்ச உணவைக் குப்பைத் தொட்டியில் போடுவது, கதவைப் பூட்டுவது ஆகியவை நியாயம் என்றார். எந்த வேலையாக இருந்தாலும், பணம் கட்டும் முன்பே தெரிவித்துவிட வேண்டும் என்பதும் அந்த முடிவு.

நல்ல முடிவுதான். ஆனால் நம் ஊருக்கு அது மட்டும் போதாது. அங்கே பல வீடுகளில் பாத்திரம் கழுவ இயந்திரம் உண்டு. துணி துவைக்க, உலர்த்த இயந்திரம் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் இரண்டு கைகள்தான் இயந்திரம்.

விருந்தாளி இலை எடுக்கலாமா?

சிலர் நம் பழக்கத்தை எடுத்துக்காட்டுவார்கள். "விருந்துக்கு வந்தவர் சாப்பிட்ட இலையைத் தானே எடுப்பது வழக்கம் இல்லையே! எடுக்கப் போனாலும் வீட்டுக்காரர் விடமாட்டாரே!" என்பார்கள்.

உண்மைதான். ஆனால் அந்த வழக்கத்தின் கணக்கு வேறு. இன்று நீங்கள் என் வீட்டுக்கு வருகிறீர்கள். உங்கள் இலையை நான் எடுக்கிறேன். நாளை நான் உங்கள் வீட்டுக்கு வருவேன். என் இலையை நீங்கள் எடுப்பீர்கள். அது உறவுக் கணக்கு.

விடுமுறை வீட்டில் உங்கள் இலையை எடுப்பவர் யார்? வீட்டுக்காரரா? இல்லை. அவர் கோவையிலோ சென்னையிலோ இருப்பார். எடுப்பவர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஓர் அம்மாள். அந்த அம்மாள் ஒருநாளும் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரப்போவதில்லை. அவர் இலையை நீங்கள் எடுக்கப்போவதும் இல்லை.

தர்மச் சத்திரங்கள் நம்மிடம் நிறைய இருந்தன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ஆம் ஆண்டு ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்மாள் சத்திரம் பெயர் பெற்றது. இலவசமாக இடம் கொடுத்தவரின் சத்திரத்தைப் பெருக்கிவிட்டுப் போவது நன்றி. ஆனால் வாடகை வீடு சத்திரம் அல்ல. இங்கே காசு கொடுக்கிறோம். ஆகவே சத்திரத்து நியாயமும் முழுதாகப் பொருந்தாது. விருந்து நியாயமும் முழுதாகப் பொருந்தாது.

எச்சில் வேறு, அழுக்கு வேறு

அப்படியானால் எந்த நியாயம் பொருந்தும்? எங்கள் அபிப்பிராயம் இதுதான்.

ஒரு வீட்டில் நாலு பேர் நடந்தால் தரையில் தூசி சேரும். படுத்தால் விரிப்பு கசங்கும். குளித்தால் குளியல் அறை நனையும். இது வீட்டைப் பயன்படுத்துவதால் வரும் அழுக்கு. இதற்குத்தான் வாடகை வாங்குகிறார்கள். இதைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

கடித்துப் போட்ட எலும்பு, பாதி குடித்த காப்பி, குழந்தையின் அழுக்கு டயப்பர், சவரம் செய்த பிளேடு, உடைந்த கண்ணாடி இவை எல்லாம் வேறு. இவை நம் உடம்பிலிருந்தும் நம் கையிலிருந்தும் வந்தவை. இவை நம் எச்சில். வாடகைப் பணம் இதற்குச் சேராது.

வீட்டின் அழுக்கு வீட்டுக்காரருக்கு. நம் எச்சில் நமக்கு. கோடு இங்கேதான்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும். குப்பை எடுப்பது இன்ன சாதியின் வேலை என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த நாடு இது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்தச் சட்டம் 1950-லேயே வந்துவிட்டது. ஆனால் மனம் முழுதாக மாறிவிட்டதா? "போட்டுவிட்டு வா, யாராவது எடுப்பார்கள்" என்று சொல்கிறோமே, அந்த 'யாராவது' யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மணி நேரம்

பல இடங்களில் காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். பகல் 1 மணிக்கு அடுத்த குடும்பம் வந்துவிடும். இடையில் இருப்பது இரண்டு மணி நேரம்.

அதற்குள் விரிப்புகளை மாற்ற வேண்டும். தரையைத் துடைக்க வேண்டும். கழிப்பறையைக் கழுவ வேண்டும். பாத்திரங்களை அடுக்க வேண்டும். ஒரே அம்மாள் ஒரே நாளில் இரண்டு மூன்று வீடுகளைப் பார்ப்பதும் உண்டு.

ஒரு பாத்திரத்தில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தால், அதைத் தேய்க்கவே கால் மணி நேரம் போய்விடும். நமக்கு அது ஐந்து நிமிட வேலை. சாப்பிட்டவுடன் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும்!

நாம் செய்ய வேண்டியவை

கிளம்பும் முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. அவருக்கும் அது விடுமுறைதானே!

1. சமைத்த பாத்திரத்தையும் சாப்பிட்ட தட்டையும் கழுவி வையுங்கள். அடுப்பின் மேல் சிந்தியதைத் துடையுங்கள்.

2. மிச்ச உணவை ஒரு தொட்டியில் போடுங்கள். காகிதம், பாட்டில், பை இவற்றை இன்னொன்றில் போடுங்கள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன.

3. டயப்பர், மாதவிடாய்த் துணி, நாப்கின் இவற்றைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியாகப் போடுங்கள். கழிப்பறைக்குள் போடவே கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால் அதைத் திறக்க ஒரு மனிதர் வர வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

4. பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி இவற்றைத் தடித்த காகிதத்தில் மடித்துத் தனியாக வையுங்கள். "இதில் கண்ணாடி இருக்கிறது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த அம்மாளின் கை கிழிந்தால் ஒரு வாரக் கூலி போய்விடும்.

5. நனைந்த துண்டுகளை ஒரே இடத்தில் குவித்து வையுங்கள். மெத்தை மேல் போடாதீர்கள். மலையில் மெத்தை எளிதில் காயாது.

6. குழாய், விளக்கு, வெந்நீர்ப் பொறி, சமையல் வாயு எல்லாவற்றையும் மூடுங்கள்.

7. ஏதாவது உடைந்திருந்தாலும், கறை பட்டிருந்தாலும், குழந்தை மெத்தையை நனைத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போனால் பழி யார் தலையில் விழும்? அந்த அம்மாள் தலையில்தான்!

செய்ய வேண்டாதவை

சிலர் அளவுக்கு மீறியும் செய்கிறார்கள். அதுவும் தேவை இல்லை.

விரிப்பை அழகாக மடித்துப் படுக்கையைப் புதிது போல் வைக்காதீர்கள். எந்தப் படுக்கையில் ஆள் படுத்தார், எதில் படுக்கவில்லை என்று வேலை செய்பவருக்குத் தெரியாமல் போகும். விரித்தது விரித்தபடியே இருக்கட்டும்.

தரையை நீங்கள் துடைக்க வேண்டாம். எப்படியும் அடுத்தவர் வரும் முன் துடைத்தாக வேண்டும். கழிப்பறையை மருந்து போட்டுத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் போதும். துணி துவைக்கவே வேண்டாம்.

மலையில் இன்னும் கவனம்

உதகை 7,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர். கொடைக்கானலும் ஏறக்குறைய அதே உயரம். அங்கே ஊரும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கொடைக்கானல் தெருவில் காட்டு மாடு நடந்து வருகிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி உணவு தேடி வீடுகளுக்குள் நுழைகிறது. குரங்குக்குச் சொல்லவே வேண்டாம்!

வராந்தாவில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துவிட்டு நீங்கள் காரில் ஏறிவிடுவீர்கள். அன்று இரவு கரடி வந்தால், அதைச் சந்திப்பவர் நீங்கள் அல்ல. அங்கேயே குடியிருப்பவர்தான்.

காட்டில் எறிந்த மது பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது. இதைக் கண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் நீலகிரியில் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் ஏற்பாடு வந்தது.

எத்தனை பேர் மலை ஏறுகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2025 கோடையில் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டிகளும், வார விடுமுறையில் 8,000 வண்டிகளும் அனுமதிக்கப்பட்டன. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று அளவு வைத்தார்கள். ஒரு வண்டிக்கு ஒரு பை குப்பை என்று வைத்துக்கொண்டாலும், நீலகிரியில் ஒரே நாளில் 8,000 பைகள்! அந்த மலை எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்காரருக்கும் சொல்கிறோம்

தங்கியவருக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயம் ஆகாது.

மூடி போட்ட இரண்டு தொட்டிகளைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். துடைப்பத்தையும் பாத்திரச் சோப்பையும் பூட்டி வைக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாலு வரிக்கு மேல் போனால் அது உங்கள் வேலை என்று அர்த்தம்!

சாதாரணத் தூசிக்காக முன்பணத்தில் கை வைக்காதீர்கள். கட்டணம் ஏதாவது இருந்தால் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். துப்புரவுக்கு என்று வாங்கும் பணம் துப்புரவு செய்பவர் கையில் போய்ச் சேரட்டும். அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தை மூன்று மணி நேரம் ஆக்குங்கள். அதனால் வியாபாரம் படுத்துவிடாது.

தாய்மார்களே, பெரியோர்களே! குழந்தைகள் நாம் சொல்வதைவிட, நாம் செய்வதைத்தான் பார்க்கின்றன. மலையில் என்ன பார்த்தாய் என்று பள்ளியில் ஆசிரியர் கேட்டால், ஏரியைச் சொல்லும், குதிரையைச் சொல்லும். அப்பா தட்டுக் கழுவியதையும் சேர்த்துச் சொல்லட்டுமே!

காலி செய்யும் நேரத்தில் அந்த அம்மாள் வந்துவிட்டால், "வாங்க அம்மா" என்று கூப்பிடுங்கள். முடிந்ததை அவர் கையிலேயே கொடுங்கள். கண்ணாடி எங்கே மடித்து வைத்திருக்கிறது என்று காட்டுங்கள். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்புங்கள்.