முதலிலிருந்தேதான் பார்க்கணுமா?



போன இதழில், வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து டி.வி. பார்ப்பதைப் பற்றி எழுதியபோது, என் மகன் விழுந்து விழுந்து பார்க்கும் 'டாக்டர் ஹூ' என்ற இங்கிலாந்துத் தொடரைக் குறிப்பிட்டிருந்தேன். உடனே ஒரு சகோதரி கடிதம் போட்டுவிட்டார். "என் பெண்ணும் அதைத்தான் பார்க்கிறாள். நானும் பார்க்கலாமென்று பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மண்ணும் புரியவில்லை. எண்ணூறு எபிசோடுக்கு மேல் இருக்கிறதாமே! எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இதில் நானும் பட்டுத் தெரிந்துகொண்டவள்தான்.

முதலில் கதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்று ஒருவர். பெயரே அவ்வளவுதான். பார்க்க மனிதர் மாதிரி இருப்பாரே தவிர, வேறு கிரகத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் லண்டன் தெருக்களில் போலீஸைக் கூப்பிட நீலப் பெட்டி வைத்திருப்பார்களாம். அதுபோன்ற ஒரு பெட்டிதான் அவர் வாகனம். பெயர் டார்டிஸ். வெளியே பார்த்தால் ஒரு ஆள் நிற்கிற இடம், உள்ளே போனால் அரண்மனை! அதில் ஏறி எந்த ஊருக்கும், எந்தக் காலத்துக்கும் போகலாம். சாகும் நிலைமை வந்தால் டாக்டரின் உடம்பு புதுப்பித்துக்கொண்டு வேறு முகத்தோடு எழுந்துவிடும். 1966-ல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி விலகியபோது, கதையை நிறுத்தாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி இது. அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் மகன் பிளஸ் ஒன் வந்ததிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோனது. "சாப்பிட்டியா?" "ம்." "பரீட்சை எப்படி?" "ம்." அந்த வருஷம் என் அப்பா காலமானார். பேரன் என்றால் அவருக்கு உயிர். இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இந்தத் தொடரைப் பார்ப்பான். ஒருநாள் மெதுவாகப் போய், "நானும் பார்க்கட்டுமாடா?" என்றேன். "உனக்குப் புரியாதும்மா" என்றுவிட்டான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் குணமாயிற்றே! அவன் பள்ளிக்கூடம் போனதும், முதல் எபிசோடைத் தேடிப் பிடித்தேன். 1963 நவம்பர் 23-ல் ஒளிபரப்பானது. முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டார். அந்தப் பரபரப்பில் பலர் பார்க்கவில்லையென்று அடுத்த வாரம் மறுபடியும் போட்டார்களாம். தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட், இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாத பெண். இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், நம் லக்னோவில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெரிய விஷயம்தான்!

கறுப்பு வெள்ளையில் அந்த முதல் இருபத்தைந்து நிமிஷம் நன்றாகவே இருந்தது. ஆனால் அடுத்த மூன்று பாகமும் கற்கால மனிதர்கள் நெருப்புக்காக அடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பாகத்தில் தூங்கிவிட்டேன். குக்கர் விசில்தான் எழுப்பியது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அறுபதுகளின் எபிசோடுகள் பலவற்றைப் பி.பி.சி.யே பிற்பாடு அழித்துவிட்டது. நீங்கள் வரிசையாகப் பார்க்க நினைத்தாலும் நடுநடுவே ஓட்டை விழும்.

வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கு மூன்று தலைமுறைக் கதையையும் முதல் நாளே யாராவது சொல்வார்களா? அடுப்பங்கரை எது, குழாய் எங்கே என்று காட்டினால் போதும். பெரியப்பா சண்டையும் பழைய கடனும் போகப் போகத் தானாகத் தெரியவரும். இந்தத் தொடரும் அப்படித்தான்.

ஆகவே சகோதரிகளே, 2005-ல் ஆரம்பியுங்கள். தொடர் 1989-ல் நின்றுபோய், நடுவில் 1996-ல் ஒரே ஒரு படம் மட்டும் வந்து, 2005 மார்ச் 26-ல் புதிதாகத் தொடங்கியது. முதல் எபிசோடின் பெயர் 'ரோஸ்'. லண்டனில் பெரிய துணிக்கடையில் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பெண் ரோஸ். அம்மாவோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் கடை பொம்மைகளுக்கு உயிர் வந்து துரத்துகின்றன. டாக்டர் கையைப் பிடித்து "ஓடு" என்கிறார். அவ்வளவுதான்! அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. அவள் கேட்கிற கேள்வியெல்லாம் நாம் கேட்க நினைத்ததே.

நம்மைப் போன்றவர்களுக்கு அதில் இன்னொரு சுகமும் உண்டு. ரோஸின் அம்மா ஜாக்கி. நாலாவது எபிசோடில், பன்னிரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டதாக நினைத்துப் பெண் வீட்டுக்கு வருகிறாள். உண்மையில் பன்னிரண்டு மாதம் ஆகியிருக்கிறது! பெண்ணைக் காணவில்லையென்று நோட்டீஸ் அடித்து ஒட்டி அலைந்திருக்கிறாள் அம்மா. டாக்டருக்கு விட்டாள் பாருங்கள் ஒரு அறை! நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

நான் ஏழு எபிசோட் முடித்தது மகனுக்குத் தெரிந்ததும், "நிஜமாவா பார்க்கறே?" என்று ஆச்சரியப்பட்டான். எட்டாவதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். 'ஃபாதர்ஸ் டே' என்று பெயர். ரோஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, 1987-ல், அப்பா கார் மோதி இறந்துபோனார். பக்கத்தில் யாருமே இல்லை. கடைசி நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று அந்த நாளுக்கே போகிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

முடிந்ததும் இவன் டி.வி.யை அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தாகிட்ட நானும் இருந்திருக்கணும்மா. பரீட்சைன்னு நீங்க யாரும் எனக்குச் சொல்லவே இல்ல" என்றான். உண்மைதான். படிப்பு கெடுமென்று நாங்கள்தான் மறைத்தோம். "தப்புதாண்டா" என்றேன். அன்றைக்குத்தான் அழுதான். நானும் அழுதேன். ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பேருமாகத் தோசை வார்த்துச் சாப்பிட்டோம்.

ஒரு தொடர் என்னத்தைச் செய்துவிடும் என்று சிரிக்காதீர்கள். பிள்ளைகள் நேருக்கு நேர் சொல்லாததைப் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்கிறார்கள்.

இனி, மற்ற வாசல்களையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சின்னப் பெண் இருந்தால் 2010-ல் வந்த 'தி லெவன்த் அவர்' நல்ல ஆரம்பம். நடுராத்திரி தோட்டத்தில் வந்து விழும் டாக்டருக்கு ஒரு சிறுமி சாப்பாடு தேடுவது ஒரே வேடிக்கை. டாக்டர் பெண்ணாக வந்தால் எப்படி இருக்கும் என்பவர்கள் 2018-ல் ஜோடி விட்டேக்கர் நடித்ததில் தொடங்கலாம். அந்த வரிசையில் 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' என்று ஒன்று, 1947 பிரிவினையின்போது நடந்த ஒரு பாட்டியின் கல்யாணக் கதை. பழைய காலத்தையும் ருசி பார்க்க வேண்டுமென்றால் 1979-ல் பாரிஸ் நகரில் நடக்கும் 'சிட்டி ஆஃப் டெத்' போதும். நாலே பாகம். அதில் டாக்டர் கழுத்தில் தரை வரை தொங்கும் கம்பளித் துண்டைப் பாருங்கள். அந்த மாதிரித் துண்டு முதலில் 1974-ல் பின்னியது. பின்னித் தந்த அம்மாள் கொடுத்த நூல் அத்தனையையும் பின்னித் தீர்த்துவிட்டாராம்! அளவு சொல்லாமல் நூல் கொடுத்தால் அப்படித்தான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் குழந்தைகள் இதைச் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பார்கள் என்று சொல்வது வழக்கம். 2005 வரிசையில் 9, 10-ஆம் எபிசோடுகளில் முகமூடி போட்ட குழந்தை "நீ என் அம்மாவா?" என்று கேட்டுக்கொண்டே வரும். 2007-ல் வந்த 'பிளிங்க்'கில், கண் இமைத்தால் சிலைகள் கிட்டே வந்துவிடும். 'பிளிங்க்'கிலேயே ஆரம்பிக்கச் சொல்வார்கள் பலர். கதை பிரமாதம்தான், ஆனால் அதில் டாக்டர் வருவதே கொஞ்ச நேரம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றைத் தள்ளி வையுங்கள். மற்றவற்றையும் படுக்கப் போகுமுன் வேண்டாம், பகலில் உங்கள் பக்கத்தில் உட்கார்த்திக் காட்டுங்கள். பேச்சு வேகமான ஆங்கிலம், ஆகவே கீழே எழுத்து ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் காது பழகிவிடும்.

ரோஸாக நடித்த பில்லி பைப்பரின் முகம் 2025 மே மாதம், டாக்டர் உருமாறும் காட்சியில், மறுபடி வந்தது. என் மகன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார். எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நம்ம ரோஸ்!" என்றேன்.

கடிதம் எழுதிய சகோதரியே, உங்கள் பெண்ணிடம் "எங்கே ஆரம்பிக்கட்டும்?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் இடம் வேறாக இருந்தால், என் பேச்சை விட்டுவிட்டு அங்கேயே ஆரம்பியுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.